பாளையங்கோட்டைப் பூங்காவும் பெரியம்மாவின் இஞ்ச் டேப்பும்

ஜூலை 18, வெள்ளி

பெரியம்மா பிறந்து வளர்ந்த ஊர் பாளையங்கோட்டை. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. காலிப்பர் என்கிற, காலைத் தாங்கும் இரும்புச் சட்டம் மாட்டி, கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் பள்ளிக்கூடம் போனார், படித்தார், கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றார். அத்தனை வருஷம் உடம்பின் பாரத்தைச் சுமந்த தோள்பட்டை தேய்ந்துபோய், இப்போது வீல்சேர். வயது 66. ஊர் வீட்டை விற்று மதுரைக்கு வந்தபிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. இந்த ஆடி பிறந்ததும் திடீரென்று கிளம்ப வேண்டும் என்றார்.

"அங்க ஒரு பார்க்கு இருக்காம். என் சிநேகிதி சொன்னா. யாரையும் கூப்பிடாம நானே உருட்டிட்டுப் போகலாமாம்."

ஒரு பார்க்கைப் பார்க்க மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கா என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நான் லீவு போட்டேன்.

பெரியம்மாவோடு வெளியூர் போவதில் ஒரு விஷயம் எனக்குப் பல வருஷம் தெரியாமலே இருந்தது. முந்தின நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். வழியில் போக இடம் இருக்காது என்பதால்தான். இதனால் நீர்க்கடுப்பு வந்து, டாக்டர் திட்டி, மாத்திரை சாப்பிட்டும் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் அப்படித்தான். விருதுநகர் தாண்டி நான்குவழிச் சாலை ஓரத்தில் பெரிய ஹோட்டல் ஒன்றில் நிறுத்தினோம். வாசலில் வீல்சேர் படம் போட்ட பலகை, பக்கத்தில் சாய்தளம். பளபளவென்று கிரானைட் போட்டிருந்தார்கள். நானும் டிரைவர் அண்ணனும் சேர்ந்து தள்ளியும் சேர் பின்னால் வழுக்கியது. மேலே ஏறி, கழிப்பறை எங்கே என்று கேட்டால் கட்டிடத்துக்குப் பின்புறம், இரண்டு படி ஏறணும் என்றார்கள்.

பெரியம்மாவின் கைப்பையில் எப்போதும் ஓர் இஞ்ச் டேப் இருக்கும். தையல்காரர்கள் கழுத்தில் போட்டிருப்பார்களே, அந்த மஞ்சள் நாடா. படியைத் தாண்டித் தூக்கிப் போவதற்கு முன்னால் கதவை அளந்து வரச் சொன்னார். 23 அங்குலம். பெரியம்மாவின் சேர் 25. "சரி, வண்டியை எடு" என்றார். அவ்வளவுதான், பேச்சே இல்லை.

சர்வர் பையன் என்னைப் பார்த்து, "அவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்டதும் அங்கேதான். பெரியம்மா அவனை நிமிர்ந்து பார்த்து, "எனக்கு ரெண்டு இட்லி, ஒரு உளுந்த வடை. இவளுக்கு என்ன வேணும்னு இவகிட்டயே கேளு தம்பி" என்றார். பையன் நல்ல பையன், உடனே புரிந்துகொண்டான். பில் கொடுக்கும்போது பெரியம்மா கையில்தான் கொடுத்தான்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினோம். கயத்தாறு வந்ததும் காற்று காரையே ஒரு பக்கம் தள்ளியது. ஆடிக் காற்று என்றால் இந்தப் பக்கத்துக் காற்றுதான். மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறும் காற்றாக வந்து இறங்கும். காற்றாலைகள் எல்லாம் மும்முரமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

லாட்ஜில் தரைத்தள அறை கேட்டுப் பதிவு செய்திருந்தோம். அறை தரைத்தளம்தான், ஆனால் குளியலறை வாசலில் நாலு அங்குல உயரத்துக்குப் படி. அங்கே வேலை செய்யும் தம்பி எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து சாய்த்துப் போட்டு, வழுக்காமல் இருக்கச் சாக்கையும் விரித்துக் கொடுத்தான். கதவு அகலம் 27. பெரியம்மா உள்ளே போய் வந்த பிறகுதான் அரைச் சொம்பு தண்ணீர் குடித்தார். மணி மூன்று.

சாயங்காலம் பக்கத்துத் தெரு அம்மன் கோவிலுக்குப் போனோம். ஆடி முதல் வெள்ளி, நல்ல கூட்டம். மூன்று படிகள். நாங்கள் நின்று யோசிப்பதற்குள் நாலு பையன்கள் ஓடிவந்து, "தூக்குங்கல!" என்று சேரோடு தூக்கிவிட்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்ததில் ஒருவன் பிடித்தது கைப்பிடியை. இந்தச் சேர்களில் கைப்பிடி கழற்றி மாட்டுகிற மாதிரிதான் இருக்கும், கட்டிலுக்கு மாறி உட்கார வசதியாக. இரண்டாவது படியில் அது கழன்று அவன் கையோடு வந்துவிட்டது. சேர் ஒருக்களித்து, பெரியம்மா என் தோளில் வந்து விழுந்தார். அடி ஒன்றும் இல்லை. அந்தப் பையன் முகம் வெளிறிவிட்டது, "ஆச்சி, மன்னிச்சிக்கோங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். தூக்கும் முன் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். பிரேக்கை எடுத்துவிட்டு, படிக்கு முதுகு காட்டித் திருப்பி, பின்பக்கம் சேரைத் தள்ளுகிற பிடியை ஒருவர் பிடித்துச் சாய்க்க வேண்டும். முன்னால் இருப்பவர் பற்ற வேண்டியது இரும்புச் சட்டத்தை. கைப்பிடியும் கால்பலகையும் கழலும், சக்கரம் உருளும்.

கழன்றதை மாட்டிக்கொடுத்த பிறகு பெரியம்மா அந்தப் பையன்களுக்கே சொல்லிக்கொடுத்து, அதே பையன்களை விட்டு இறக்கச் சொன்னார். சரியாக இறக்கினார்கள். இரவு நெல்லையப்பர் கோவில் எதிரே இலைத்துண்டில் சூடான அல்வா. கடையில் நெரிசல், சேர் தெருவிலேயே நின்றது. வரிசையில் இருந்த ஒரு பெரியவர் தன் இலையை அப்படியே பெரியம்மாவிடம் நீட்டி, "நீ சாப்பிடு தாயி, நான் இன்னொண்ணு வாங்கிக்கிடுதேன். உனக்கு எந்த ஊரு?" என்றார். "பாளையங்கோட்டைதான் அண்ணாச்சி" என்று சொல்லும்போது பெரியம்மாவின் குரலே வேறாக இருந்தது.

ஜூலை 19, சனி

காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். கருப்பட்டிக் காபி 20 ரூபாய், திக்காக, நன்றாகவே இருந்தது.

பூங்கா பெரிய இடம் ஒன்றும் இல்லை. வீடுகளுக்கு நடுவில் இருக்கும் மாநகராட்சிப் பூங்கா. நடந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். வேப்பமரங்கள், இரண்டு பன்னீர் மரம், ஒரு பெரிய வாகை. ஆடிக் காற்றில் சருகு ஒரு பக்கம் சேர்ந்து சேர்ந்து பறந்தது. ஃபோட்டோ எடுத்துப் போட்டால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். கவனிக்க வேண்டியதெல்லாம் தரையில்தான் இருக்கிறது.

வாசலிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊர்ப் பூங்காக்களில் பைக் நுழையாமல் இருக்க வாசலில் கம்பி நட்டு வைப்பார்கள், அல்லது ஆள் மட்டும் வளைந்து போகிற மாதிரி தடுப்பு. அதில் வீல்சேரும் நுழையாது, குழந்தை வண்டியும் நுழையாது. இங்கே கம்பிகளுக்கு நடுவில் 36 அங்குலம். பெரியம்மா இறங்கியதுமே முதலில் அதைத்தான் அளந்தார். "இவ்வளவு அகலம் விட்டா பைக்கு வந்துராதா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். "வரும். அதுக்குத்தான் நான் இருக்கேன்" என்றார்.

பாதையில் பேவர் பிளாக் இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சேர் தள்ளிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பேவர் கல் போட்ட புதிதில் அழகாக இருக்கும். இரண்டு மழைக்கு அப்புறம் ஒரு கல் இறங்கும், அடுத்தது எழும்பும். வீல்சேரின் முன்சக்கரம் சின்னது. ஓர் அங்குல மேட்டில் முட்டினால் சேர் நின்றுவிடும், ஆள் முன்னால் விழுவார். கல் சமமாக இருந்தாலும் ஒவ்வொரு இணைப்பிலும் குலுக்கும், முதுகெலும்பில் அடிபட்டவர்களுக்கு அது வேதனை. இங்கே ஒரே சீரான கான்கிரீட். ஈரத்தில் வழுக்காமல் இருக்க, காயும் முன்பே துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்திருக்கிறார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன், துணியின் நெசவு மாதிரி லேசாகச் சொரசொரத்தது. வடிகால் மூடியின் ஓட்டைகளும் பாதைக்குக் குறுக்காகத்தான் இருந்தன. நீளவாக்கில் இருந்திருந்தால் முன்சக்கரம் உள்ளே இறங்கி மாட்டிக்கொள்ளும்.

பூங்காவின் பின்பாதி கொஞ்சம் மேடு. அங்கே ஏற ஒரு சாய்தளம். ஓரடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. பெரியம்மா அளந்தார், நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தேன். உயரம் 15 அங்குலம், நீளம் 16 அடி சொச்சம். கணக்குக்கு மேலேயே விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பிடிகம்பி, அதுவும் இரண்டு வரிசை. மேல்கம்பி நடப்பவர்களுக்கு, கீழ்க்கம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும்.

நான் சேரின் பின்னால் போய் நின்றேன். பெரியம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீ போய் நட. என் பின்னால வராத."

தோள் வலி இருக்கிறதே என்றேன். "வலிச்சா கூப்பிடுதேன். நீ போ ஏட்டி" என்றார்.

வாகை மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் கீழ்க்கம்பியைப் பிடித்து இழுத்து, நின்று, மறுபடி இழுத்து ஏறினார். மேலே போனதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சுற்று முழுக்கப் போனார். செம்பருத்திச் செடியருகே நின்றார், நாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது. குழாயடிக்குப் போனார். குழாய் தாழ்வாக, இடுப்பளவில்தான் இருந்தது. திருகுகிற பிடி இல்லை, நீளமான பிடி, முழங்கையால் தள்ளினாலே திறக்கும். பாட்டிலைப் பிடித்தார், குடித்தார், மறுபடி பிடித்தார், மறுபடியும் குடித்தார். எனக்கு நினைவு தெரிந்து வெளியிடத்தில் பெரியம்மா இப்படித் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. சேரில் வந்தபிறகு அவர் என் பார்வைக்குள், ஆனால் யார் கைக்கும் எட்டாமல் தனியாக இருந்ததும் இந்தக் காலையில்தான். என்னை அறியாமல் அழுதுவிட்டேன்.

தண்ணீர் குடிக்கத் தைரியம் வந்ததற்குக் காரணம் கழிப்பறை. அவர் அதை முதலிலேயே பார்த்துவிட்டு வந்திருந்தார். இழுத்துத் திறக்கிற கதவு, அகலம் 36 அங்குலம், வாசற்படியே இல்லை. உள்ளே சேர் முழுசாகத் திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடம். கோப்பையின் உயரமும் சேரின் உயரமும் ஏறக்குறைய ஒன்று, பக்கவாட்டில் மாறி உட்காரலாம். சுவரில் ஒரு கம்பி, மறுபக்கம் மடக்கி இறக்கும் கம்பி. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இதெல்லாம் பல இடங்களில் கட்டிவிடுகிறார்கள்தான். கட்டிவிட்டு, விளக்குமாறும் பினாயிலும் போட்டுப் பூட்டிவைப்பார்கள். சாவி யாரிடம் என்றே தெரியாது. வாட்ச்மேனிடம் நன்றி சொன்னபோது அவர், "நாங்க என்னத்தம்மா செஞ்சோம்? பூட்ட மாட்டோம், ஈரம் தொடைச்சிருவோம். அவ்வளவுதான்" என்றார். என்னைக் கேட்டால், அந்தப் பூங்காவில் கட்டியது எல்லாம் ஒரு பங்கு, அவர் செய்வது இன்னொரு பங்கு.

எட்டு மணிவாக்கில் வெள்ளைக்கோலோடு ஒருவர் வந்தார். பாதை நடுவே மஞ்சள் டைல்ஸ் வரிசை போகிறது. நீளக் கோடு போட்ட டைல்ஸ் இருந்தால் நேரே போகலாம், குமிழ் குமிழாக இருந்தால் நிற்க வேண்டும், முன்னால் திருப்பமோ படியோ இருக்கிறது. மஞ்சள் நிறம் எதற்கு என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் பார்வை மிச்சம் இருப்பவர்களுக்கு அது தரையிலிருந்து பிரிந்து தெரியும் என்றார். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவராம். 1890களிலேயே பார்வையற்றவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பள்ளி வந்துவிட்ட ஊர் இது. "ஊர் பூரா எங்களுக்குப் பழக்கம், எங்க பள்ளிப் பிள்ளைகள் கோலைத் தட்டுனா ஆட்டோக்காரரே ஒதுங்கிருவார். ஆனா ஒதுங்குதவங்க இல்லாத நேரத்துல நடக்கணும்னா இந்த டைல்ஸு வேணும்" என்றார். சில ஊர்களில் இதே டைல்ஸ் நேராகப் போய் லைட் கம்பத்தில் முட்டும் என்றும் சொன்னார்.

இங்கேயும் குறை இருக்கிறது. வடக்கு மூலையில் டைல்ஸ் வரிசை மேலேயே யாரோ மரக்கன்று நட்டு இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள். அவருக்கு இடம் தெரியும் என்பதால் மூன்றடி முன்பே ஒதுங்கினார். புதிதாக வருபவர் நெற்றியை இடித்துக்கொள்வார். பின்பாதியில் மூன்று விளக்குகள் எரியவில்லை.

பதினொன்றரைக்குச் சிநேகிதி வந்தார். பெரியம்மாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். இவருக்கு மூட்டுத் தேய்மானம், மாடி வீடு, இறங்குவதே பாடு. பெரியம்மாவால் அந்த மாடிக்கு ஏற முடியாது. அதனால் இருவரும் பார்க்க ஏற்ற இடமென்று இந்தப் பூங்காவைச் சொன்னதே அவர்தான். மகன் பைக்கில் கொண்டுவந்து விட்டான், கையில் தூக்குவாளி.

"ஏட்டி! என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிருக்க!"

"நீதான் ரெண்டு பங்காயிட்ட."

கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நிறுத்தவே இல்லை.

மர நிழலில் சிமெண்ட் மேஜை. ஒரு பக்கம் பெஞ்ச் இல்லாமல், அடியில் முழங்கால் நுழைய இடம் விட்டிருந்தார்கள். பெரியம்மா சேரை உள்ளே தள்ளி மேஜையோடு ஒட்டி உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் சிநேகிதி. பெரியம்மா ஹோட்டலில் எப்போதும் மேஜைக்கு ஓரடி தள்ளி, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறவர். தூக்குவாளியில் சொதி, தனி டப்பாவில் இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். சொதி என்பது திருநெல்வேலிப் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து. தேங்காயை மூன்று பாலாகப் பிழிந்து, காய்கறியை மூன்றாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குவார்கள். எலுமிச்சை கடைசியில். தேங்காய்ப்பாலின் கனம் வயிற்றைப் படுத்தாமல் இருக்கத்தான் இஞ்சி. காற்று மூடியைத் தூக்கிக்கொண்டு போய், வேப்பஞ்சருகு சொதியில் விழுந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம்.

அவர்கள் பேச்சில் தெரிந்தது: பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு மாடியில் இருந்ததால் பெரியம்மாவை இந்தச் சிநேகிதிதான் ஒரு வருஷம் முதுகில் உப்புமூட்டை தூக்கிப் போயிருக்கிறார். "அதுல போனதுதான் எம்முட்டு" என்று அவர் சொல்ல, பெரியம்மா முழங்காலைத் தடவிக்கொடுத்தார். 1995-ல் நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது பெரியம்மாவுக்கு வயது 36. லீவு போட்டுவிட்டு முகாமில் போய் உட்கார்ந்து, மருந்து வேண்டாம் என்ற வீடுகளுக்கெல்லாம் கட்டை ஊன்றி ஏறி இறங்கியிருக்கிறார். "எங்காலைப் பாருங்கன்னு சொல்லுவேன், கொண்டு வந்துருவாங்க." 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. காரணம் இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

சாயங்காலம் மறுபடி வந்தோம். இப்போது குழந்தைகள் கூட்டம். தரையோடு தரையாகச் சுற்றும் ராட்டினம் ஒன்று, படியோ விளிம்போ இல்லாமல் பாதையிலிருந்து சேரோடு ஏறலாம். எட்டு வயதுப் பையன் ஒருவன், தலை தாங்கி வைத்த சேரில். அவனை நடுவில் நிறுத்தி பிரேக் போட்டுவிட்டு, சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள் நின்று சுற்றினார்கள். அவன் வாய்விட்டுக் கத்திச் சிரித்தான். அவன் அம்மா பக்கத்தில் நின்று ஃபோனில் யாரிடமோ குழம்புக்குப் புளி கரைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், மற்ற அம்மாக்களைப் போலவே. நான் அவனைப் பார்த்த அளவுக்கு வேறு யாரும் அந்தப் பையனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

குற்றாலம். டிரைவர் அண்ணன், "சாரல் சீசன்ல வந்துட்டுப் போகாம இருக்கலாமா?" என்று ஆசைகாட்டினார். ஆலங்குளம் தாண்டியதும் வெயில் காணாமல் போய்க் கண்ணாடியில் தூறல் விழுந்தது.

வழியில் ஆய்க்குடி. அமர் சேவா சங்கத்தின் வாசல்வரை போய்ப் பார்க்க வேண்டும் என்றார் பெரியம்மா. எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்தகுதிச் சோதனையில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஆறு வருஷம் கழித்து, 1981-ல், சொந்த ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக இதைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரியம்மா வேலையில் சேர்ந்த காலத்தில் பத்திரிகையில் வந்ததைப் படித்துவிட்டு, ஊர்ப்பக்கம் நடக்கிறதே என்று நறுக்கிப் பத்திரப்படுத்தியிருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே தொந்தரவு செய்யவில்லை.

குற்றாலத்தில் கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஈரத்துண்டுகள், மிளகாய் பஜ்ஜி வாசனை. மெயினருவிக்குப் பக்கத்தில் போகப் போகத் தரை எண்ணெயும் தண்ணீருமாக வழுக்கியது. சேரை அதில் இறக்கப் பெரியம்மாவே வேண்டாம் என்றார். தூக்கிப் போகிறோம் என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். இவர்கள் கேட்டுவிட்டுத்தான் நின்றார்கள், அது பிடித்தது. "வேண்டாம்யா, இங்கனயே நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எட்ட இருந்தே அருவியைப் பார்த்தார். காற்று திரும்பும்போதெல்லாம் சாரல் வந்து முகத்தில் அடித்தது. குளித்துவிட்டுப் போன ஒரு பெண், முன்பின் தெரியாதவர், கையில் தண்ணீர் பிடித்து வந்து, "தலையில தெளிச்சிக்கோங்கம்மா, அருவித் தண்ணி" என்று கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஆற்றாமையாகவும் இருந்தது. இந்த ஊர் ஜனங்களின் மனசுக்குக் குறையே இல்லை. எந்த வாசலிலும் நாலு கைகள் நீள்கின்றன. அதே கைகள் கொஞ்சம் கான்கிரீட்டும் ஒரு கம்பியும் போட்டிருந்தால் பெரியம்மா யாருக்கும் நன்றி சொல்லாமல் உள்ளே போயிருப்பார். தினமும் பத்துப் பேருக்கு நன்றி சொல்லிக்கொண்டே வாழ்வது எவ்வளவு களைப்பு என்று நேற்று ராத்திரிதான் அவர் என்னிடம் சொன்னார்.

மங்குஸ்தான் கிலோ 350, ரம்புட்டான் 250. பேரம் பேசி இரண்டும் வாங்கினோம். பிரானூரில் புரோட்டாவும் நாட்டுக்கோழியும். கடைக்காரர் மேஜையைத் தெருப்பக்கம் இழுத்துப் போட்டு இடம் பண்ணினார். திரும்பும்போது பெரியம்மா காரில் தூங்கிவிட்டார். என் முதுகு விண்விண் என்று தெறித்தது, நாள் முழுக்கக் காரில் ஏற்றி இறக்கியதில்.

ஜூலை 21, திங்கள்

கிளம்புவதற்கு முன் மறுபடி பூங்கா. இந்தமுறை என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். மஞ்சள் டைல்ஸ் மேல் யாரோ ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். வாட்ச்மேன் வருவதற்குள் பெரியம்மாவே அந்த ஆளைக் கூப்பிட்டு எடுக்க வைத்தார். அவர் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். பிறகு, இந்த டைல்ஸ் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் போனார்.

கயத்தாறில் டீ குடிக்க நிறுத்தியபோது பெரியம்மா நோட்டும் பேனாவும் கேட்டார். மதுரையில் எங்கள் வார்டிலும் ஒரு பூங்கா இருக்கிறது, வாசலில் வளைவுக் கம்பி, உள்ளே பேவர் பிளாக், கழிப்பறைக்கு மூன்று படி. அதைப் பற்றி மனு எழுதத் தொடங்கினார். கருவூலத்தில் வேலை பார்த்தவர், மனு எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 45. விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் இருக்கிற பொதுக் கட்டிடங்களை எல்லாம் எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்றியாக வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இதற்கு முந்தைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, இதில் 21. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி என்பது வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதினார். அதற்குக் கீழே இந்தப் பூங்காவின் அளவுகள்: வாசல் 36, கழிப்பறைக் கதவு 36, சாய்தளம் 15 அங்குலத்துக்கு 16 அடி.

கழிப்பறையை முதல் வரியில் எழுதினார். அடியில் கோடு போட்டு, "பூட்டக் கூடாது" என்று தனியாகச் சேர்த்தார்.

டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்து, "எங்க அம்மாவுக்கும் வாக்கர்தான்மா. எங்க ஊர்ப் பார்க்கு வாசல்ல சாக்கடை மூடி ஒண்ணு தூக்கிட்டு நிக்கி, அதையும் எழுதுங்க" என்றார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு, அவர் பெயரிலேயே தனியாக இன்னொரு மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் திங்கள்கிழமைதான். அடுத்த திங்களுக்கும் நான் லீவு சொல்ல வேண்டுமாம்.